மந்திரியின் கறுப்பு அங்கி

பத்து வயதில் நான் கனடாவில் மந்திரியாக இருந்திருக்கிறேன். பதவிக்காலம் ஏழு நிமிடம். மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு பழைய தலைவரைப் பிரித்துக் கொடுத்து, அவரைப்போலவே உடுத்திக்கொண்டு வந்து பேசச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தவர் நூறு வருடத்துக்கு முந்திய ஒரு சட்டத்தரணி. பிறகு அரசியலுக்குப் போனவர். படத்தில் அவருக்கு நீளமான கறுப்பு அங்கியும், ஒருவரையும் நம்பாத ஒரு மீசையும் இருந்தன. மீசைக்கு மை போதும். அங்கிதான் பிரச்சினை.

அதுவும் வீட்டிலேயே இருந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தவர். எனக்கு அது கேள்விப்பட்ட கதை மட்டுமே. நான் அறிந்த அம்மா, கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிறர் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறவர். மொன்றியல் வந்த ஒன்பது வருடத்தில் திறக்காத பெட்டியை பேச்சுக்கு முந்திய சனிக்கிழமை காலை எனக்காகத் திறந்தார். அங்கி என்மேல் தரைவரை இழுபட்டது. முழங்காலளவில் மடித்து ஊசி குத்தினார்.

"வெட்டித்தான் தைக்கவேணும்," என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

சும்மா நிற்கப் பிடிக்காமல் என் பேச்சை ஒப்புவிக்கத் தொடங்கினேன். முதல் தேர்தலில் தோற்றார், அடுத்ததில் வென்றார், மந்திரியானார், கட்சி மாறினார், மறுபடி தோற்றார்.

"தோத்த பிறகு என்ன செய்தவர்?" என்று அம்மா கேட்டார்.

"திரும்பவும் கோட்ஸுக்கு வாதாடப் போனவர்."

"எத்தினை வருசத்துக்குப் பிறகு?"

"பதினாலு."

"அவ்வளவு காலம் விட்டுட்டுப் போக, உள்ளுக்கு விட்டவையோ?"

"ஓம். ஒஃபிஸ் வாசலிலை அவரின்ரை பேர்ப்பலகையைக்கூடக் கழட்டேல்லையாம்."

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இதை வெட்டேலாது பிள்ளை. அப்பான்ரை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போ."

அது அப்பா துறைமுக வேலைக்குப் போடுவது. முதுகில் மினுங்கும் மஞ்சள் பட்டி வேறு. மந்திரி கப்பலில் பெட்டி இறக்கினாரா என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. அழுததில் மீசை கரைந்து வாய்க்குள் போனது. இரண்டு நாள் நான் அம்மாவோடு கதைக்கவில்லை. ஒரு பழந்துணியைவிட நான் பெரிதில்லையா என்பது என் வழக்கு. அம்மா எதிர்வாதம் செய்யவில்லை.

அம்மா நீதிமன்றத்துக்குத் திரும்பவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இங்குள்ள சட்டப் பரீட்சையை இரண்டு தடவை எழுதினார், இரண்டிலும் தேறவில்லை. கார்டெரியிலிருந்தே ஓய்வு பெற்றார். அங்கி இன்றும் முழு நீளத்தில் அதே பெட்டியில் இருக்கிறது. அன்று அம்மா கேட்டதெல்லாம் மந்திரியைப் பற்றித்தான் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.