பேசாத நீலத்திரை

என் தங்கையின் புதிய மடிக்கணினி நீலத்திரையில் நின்றுபோன அன்று, அவளை முக்கூடலில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப்போக அண்ணன் காரோடு வந்திருந்தார். கணினிக்குப் பழுது வந்தால் கடைக்காரரை அழைப்பார்கள். அண்ணன் எதற்கு என்று தோன்றலாம். தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பிக்கிறாள். அம்மா இறந்த பிறகும் அதே வாடகை வீட்டில் தனியாக இருப்பேன் என்று அவள் சொன்னபோது, அண்ணன் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார்.

"என்னைக்கு ஒத்தாசைக்கு ஆள் கூப்பிடுதியோ, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கோ."

அன்பில் சொன்னதுதான். அன்பில் வரும் மிரட்டலுக்கு எதிர்ப்பேச்சு பேசுவது எவ்வளவு கடினம் என்று அவளுக்குத் தெரியும். சரி என்று மட்டும் சொன்னாள்.

பல வருடங்களாக அவள் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத்தான் பயன்படுத்துகிறாள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல் அதில் கூடவே வருகிறது. மூக்கடைத்தவர் பேசுவது போன்ற தமிழ். அவள் அதை ஓட்டும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அதைக் கேட்டுக்கொண்டே வினாத்தாள் அடிப்பாள். நடுவில் என்னிடம் குழம்புக்குப் புளி போதுமா என்றும் கேட்பாள்.

பழைய கணினி உயிரை விட்டதும் புதியது வாங்கினாள். பென் டிரைவிலிருந்து தொடங்கும்படி மட்டும் கடையில் அமைத்து வாங்கிவந்து, லினக்ஸை வீட்டில் தானே நிறுவினாள். நிறுவி முடியும் வரை குரல் துணையிருந்தது. சிக்கல் வைஃபையில் வந்தது. அந்தச் சிப்பைச் செய்த நிறுவனம் லினக்ஸுக்கென்று எதுவும் செய்து தருவதில்லை. அதை இயக்க யாரோ புண்ணியவான்கள் எழுதிய 'டிரைவர்' என்ற சிறு நிரலைத்தான் சேர்க்க வேண்டும். ஆனால் கணினியில் 'செக்யூர் பூட்' என்றொரு காவல் இருக்கிறது. தனக்குத் தெரிந்தவர்கள் கையொப்பமிடாத எதையும் அது உள்ளே விடாது. ஆகவே உரிமையாளரே அந்த டிரைவருக்குப் பொறுப்பேற்று ஒரு கடவுச்சொல்லை வைக்க வேண்டும். கணினி மறுபடி தொடங்கும்போது ஒரு நீலத்திரை வந்து அதைக் கேட்டுச் சரிபார்க்கும். கடவுச்சொல் வைக்கும்படி குரல் சொன்னது, வைத்தாள். கணினி அணைந்து, திரும்பத் தொடங்கியது. அதன் பிறகு குரல் இல்லை.

நீலத்திரை வருவது லினக்ஸ் விழிப்பதற்கு முன்னால். லினக்ஸ் விழித்தால்தான் குரலும் விழிக்கும். அந்தத் திரை சில நொடிகள் காத்திருக்கும். எந்த விசையையும் தொடாவிட்டால், வைத்த கடவுச்சொல் வீணாகி, வைஃபை இல்லாமலே கணினி தொடங்கிவிடும். தொட்டால் ஒரு பட்டியலுக்குள் போய் அங்கேயே நிற்கும். பேசிக்கொண்டிருந்த இயந்திரம் சட்டென்று பேச்சை நிறுத்தினால், பார்வையற்ற ஒருவர் என்ன செய்வார்? உயிர் இருக்கிறதா என்று ஒரு விசையைத் தட்டிப் பார்ப்பார். தட்டினாள். அணைத்துப் போட்டு மறுபடி தட்டினாள். கடைசியில், திரையில் என்ன தெரிகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டாள். நீலமாக இருக்கிறது என்று சொன்ன அந்தப் பெண், கையோடு அண்ணனுக்கும் போன் செய்துவிட்டாள்.

எனக்குச் செய்தி சொன்னதும் அண்ணன்தான். துணிமணிகளை எடுத்துவைக்க நீயும் வா என்றார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, தங்கை கடைக்காரரோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனைக் கொடுங்களேம்மா."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும் அண்ணாச்சி. என்கிட்டயே சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, ஆன் பண்ணின உடனே வருமே, அந்த பயாஸ் செட்டிங்குக்குள்ள போயி செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிருங்க."

"பயாஸ் பேசுமா?"

"பயாஸ் எப்படிம்மா பேசும்?" அவர் சிரித்தார். "கொண்டாங்க, விண்டோஸே போட்டுத் தாரேன். இந்த லினக்ஸெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

நான் வேலை பார்த்த நாளெல்லாம் நூலகத்தில் குரல் உயர்த்தாமல் இருந்தவள். அன்று அந்தக் கைபேசியைப் பிடுங்கிக் கத்த வேண்டும்போல் இருந்தது. பிறகு யோசித்தால் அவர்மேல் என்ன தவறு? திருடன் வருவான் என்று எங்கோ உட்கார்ந்து கணக்குப் போட்டு இந்தக் காவலை வைத்தவர்கள், வீட்டுக்காரிக்குக் கண் தெரியாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு? அன்றைக்கு அந்தக் காவல் வெளியே நிறுத்திவைத்திருந்தது அவள் ஒருத்தியைத்தான்.

"சவத்தைத் தூக்கிக் கடையில குடுத்துட்டுக் கிளம்பு ட்டி," என்றார் அண்ணன். "உங்க மதினி ரூமெல்லாம் ஒதுக்கி வச்சிருக்கா."

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க விவரம், வினாத்தாள் எல்லாம் இதுலதான் இருக்கும். அதனால பூட்டு வேண்டாம்னு நான் சொல்லலண்ணே. என் வீட்டுப் பூட்டைத் திறக்க இன்னொருத்தர் கண்ணு எதுக்குன்னுதான் கேக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, திரையில இருக்கதை அப்படியே வாசி. கையை மட்டும் வச்சிராத."

"பாத்தியா? வாசிக்க ஆள் வேண்டியிருக்குல்லா?"

"புது ஊருக்குப் போனா நீ வழி கேக்க மாட்டியா?"

நான் வாசித்தேன். அவள் விரல்கள் நகர்ந்தன: கீழே ஒரு தட்டு, என்டர், மறுபடி கீழே, என்டர். எந்த இடத்தில் எது முதலில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்ததும், அதை அடிக்காமல் கணினியை அணைத்துவிட்டாள்.

"வழி தெரிஞ்சுட்டு. ரெண்டு பேரும் வெளிய போங்க."

வாசலில் அண்ணன் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அந்த மூக்கடைத்த குரல் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் சாவியைப் பைக்குள் போட்டார். அவள் அப்படியே விட்டிருக்கலாம்; எங்கள் இருவருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது.

"இது இல்ல," என்றாள் உள்ளேயிருந்து. "பிந்திட்டேன். வைஃபை இல்லாம வந்துட்டு. உள்ள வராதீங்க."

மீண்டும் கடவுச்சொல் வைக்க வேண்டும், மீண்டும் அணைத்துத் தொடங்க வேண்டும், அந்த ஊமைத்திரை எப்போது வருகிறது என்று காற்றில் ஊகிக்க வேண்டும். என்னால் ஒரு பார்வையில் முடியும் காரியம் அது. விசைகளின் ஒலியை வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு வந்த ஆத்திரத்தைப்போல் முன்பு எதற்கும் வந்ததில்லை. நெடுநேரம் கழித்துக் குரல் கேட்டது. இம்முறை அண்ணனும் நானும் அசையவில்லை. என் கைபேசி அதிர்ந்தது. கணினியிலிருந்து அவள் அனுப்பிய செய்தி: "உள்ளே வரலாம்."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அடுத்த தடவை?" என்றார்.

"அடுத்த தடவையும் அது பேசாது. நீ வர வேண்டாம்."

அவர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். ஜங்ஷனில் இறக்கிவிடுவதாக என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவள் புகழ்தான். "எம்புட்டு மூளைலா அவளுக்கு! பாக்காமலே திறந்துட்டா பாரேன். ஊர்ல போயிச் சொல்லணும்."

"அந்த மூளையை இதுக்கா செலவழிக்கணும், அண்ணே?"

"என்ன சொல்லுத?"

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நாளை முக்கூடலில் எல்லோரும் அவளை மெச்சுவார்கள். அந்தத் திரையை ஊமையாகச் செய்தவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கொக்கிரகுளத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். பாலத்தை நடந்தே கடந்தேன். கீழே ஆற்றில் நல்ல தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நின்று பார்க்கிற மனநிலையில் நான் இல்லை.