என் பற்றரியைத் தெரியாது என்ற போன்

கொட்டாஞ்சேனையில் ஒரு மனிதர் பதினெட்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயரை, நான் வெள்ளவத்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி மூன்று வரியில் கெடுத்தேன். அதில் ஒரு வரி வணக்கம்.

அப்படிச் செய்யத் தூண்டியது என் போன். போனைச் செய்த கம்பனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தக் கம்பனியின் சாமான் உங்கள் கையில் இல்லாவிட்டால் உங்கள் மைத்துனர் கையில் இருக்கும், அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் தெரியும்படி வைப்பார். பல வருடங்களாக அவர்கள் என்னிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். முதலில் பெட்டிக்குள் வரும் சார்ஜர் காணாமல் போனது. சூழலைக் காப்பாற்றவாம். பிறகு வயர் செருகும் துளையின் வடிவம் மாறியது. வீட்டிலிருந்த பழைய வயர்களெல்லாம் மேசை லாச்சிக்குள் சுருண்டு கிடந்தன. பிறகு என் படங்கள் போனுக்குள் அடங்கவில்லை என்று சொல்லி, அவற்றைத் தங்கள் களஞ்சியத்தில் வைக்க மாத வாடகை கேட்டார்கள். என் மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு நான் இன்றுவரை வாடகை கட்டுகிறேன். மகள் வேலைக்குப் போகிறாள்.

இவ்வளவு நடந்தும் நான் கம்பனியைச் சந்தேகப்படவில்லை. என் சந்தேகம் முழுவதையும் மீன்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

போன வருடம் என் போனின் பற்றரி மத்தியானத்துக்கு மேல் தாங்காமல் போனது. கலியாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் சுவரில் பிளக் தேடுகிற ஆளாகிவிட்டேன். அதே காலத்தில் மனைவியின் போன் நாலாம் மாடி பல்கனியிலிருந்து கீழே நின்ற ஸ்கூல் வானின் கூரையில் விழுந்தது. அதுவும் அதே கம்பனி, அதே மாதிரி. கண்ணாடி நொறுங்கி, உள்ளேயும் ஏதோ செத்துவிட்டது. ஆனால் அதன் பற்றரி புதிது. நாலு மாதத்துக்கு முன் கம்பனியின் சேவிஸ் சென்டரிலேயே மாற்றியது.

“இஞ்சருங்கோ, என்ரை போனிலை இருக்கிற பற்றரியைக் கழட்டி உங்கடையிலை போட்டால் என்ன? ரோச் லைற்றுக்கு மாத்திறேல்லையே” என்றாள் மனைவி.

முதலில் சேவிஸ் சென்டருக்குத்தான் போனேன். குளிரூட்டிய இடம். துண்டில் நம்பர் தருவார்கள். நம்பர் வந்ததும் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் என் இரண்டு போன்களையும் பார்த்தார்.

“இது வேற டிவைஸோட பற்றரி சேர். போட ஏலாது.”

“ரெண்டும் நீங்கள் வித்ததுதானே?”

“ஓம் சேர். ஆனா வேற டிவைஸ்.”

“அந்தப் பற்றரியைப் போட்டதும் நீங்கள்தானே?”

“ஓம் சேர். அதால வொறன்ரி அந்த டிவைஸுக்குத்தான்.”

“அந்த டிவைஸ் செத்துப்போச்சு, தம்பி.”

“சொறி சேர்” என்று உண்மையான துக்கத்துடன் சொன்னார். துக்கம் முடிந்ததும் புதுப் போனின் படம் போட்ட மட்டையை என் பக்கம் மெல்லத் தள்ளினார். என் போன் பழைய மாதிரியாம், அதற்குப் புதுப் பற்றரி வரவழைக்க எத்தனை கிழமை ஆகும் என்று சொல்ல முடியாதாம், போனில் இருப்பது அழிந்தாலும் பொறுப்பில்லையாம். அது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தாளில் கையொப்பமும் வைக்க வேண்டுமாம்.

அதனால் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அங்கே கடை வைத்திருப்பவர் முன்பு துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்சார வேலை பார்த்தவர். கடையில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வாசலில் ஓடும் கழிவுநீர்க் கானின் மூடியில் நிற்க வேண்டும். சுவரில் அந்தோனியார் படம், அதற்குக் கீழே திருகாணிகள் நிறைந்த மாஜரின் டப்பாக்கள். எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பேரை அவரிடம் அனுப்பியது நான்தான். சம்பளமில்லாத ஏஜண்ட்.

“போடலாம் சேர்” என்றார். “ஆனா ஒண்ணு. போட்டப்புறம் போன் கொஞ்சம் மூஞ்சிய நீட்டும். நீங்க கணக்கெடுக்காதீங்க.”

அவர் சொன்ன அந்தக் கடைசி விஷயம் என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. நான் பையில் மார்க்கர் பேனை தேடிக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் எதையாவது பழுதுபார்க்கக் கொடுக்கும்போது உள்ளே கையொப்பம் வைக்கிற வழக்கம் எங்களுக்குண்டு. ரீவி, மின்விசிறி மோட்டார், கார் பற்றரி, எதுவானாலும் சரி. உள்ளே இருக்கும் நல்ல சாமானை எடுத்துவிட்டு வேறெதையோ போட்டுவிடுவார்கள் என்ற பயம். உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே எழுதிக் கொடுப்பதுதான் அது. ஆனால் பழகிப் பழகி அதில் யாருக்கும் ரோசமில்லை. இந்த மனிதரிடம் இத்தனை வருடத்தில் ஒரு ஊசியளவு குறை கண்டதில்லை. இருந்தாலும் அழியாத மை மார்க்கரை வீட்டிலிருந்தே கொண்டு போயிருந்தேன்.

மனைவியின் போனிலிருந்து பற்றரியைக் கழற்றி இறப்பர் விரிப்பில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

“போடுங்க சேர், போடுங்க. வீட்டு நம்பரையும் எழுதுங்க. தொலைஞ்சா தபால்ல அனுப்பலாம்.”

வைத்தேன். என் கையொப்பத்தில் கீழே ஒரு கோடும் இரண்டு புள்ளியும் வரும். வங்கிக்காரரே இரண்டு தடவை சந்தேகப்பட்ட கையொப்பம். என் போனைச் சூடாக்கிப் பசையை இளக்க இருபது நிமிடம் ஆகும் என்றார். எதிர்க்கடைக்குப் போய் ஒரு பிளேன் ரீயும் ஒரு றோல்ஸும் எடுத்தேன். திரும்பி வந்தபோது போன் மூடித் தயாராக இருந்தது. அன்றிரவு வரை பற்றரி தாங்கியது. அடுத்த நாளும் தாங்கியது.

மூன்றாம் நாள் காலை போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தது. மொழிப்பற்றினால் அதைத் தமிழில் வைத்திருக்கிறேன். அதில் பாதி எனக்கு விளங்காது. இது மட்டும் தெளிவாக விளங்கியது: ‘அறியப்படாத பாகம். இந்தப் பற்றரி அசலானதா என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை.’

உடனே எனக்கு அந்த இருபது நிமிடம் ஞாபகம் வந்தது. நான் றோல்ஸ் தின்ற இருபது நிமிடம். அசலை எடுத்து வைத்துவிட்டு எதையாவது செருகியிருக்கலாம். கையொப்பம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கப் போனைத் திறக்க வேண்டும். திறக்க அவரிடமே போக வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று வியந்தேன்.

“அந்த மனிசன் அப்பிடிச் செய்யாதப்பா” என்றாள் மனைவி.

“போன் சொல்லுது.”

“போனுக்கு அந்தாளைத் தெரியுமே? உங்களுக்கெல்லோ தெரியும்.”

நான் சத்தமாகப் பேப்பரைப் புரட்டினேன். அவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பார். கள்ளனும் இல்லை என்றுதான் சொல்வான். ஆகவே கேட்டுப் பயனில்லை. நிறையப் படித்தால் இப்படியெல்லாம் யோசிக்க வரும்.

எங்கள் அடுக்குமாடியின் வட்ஸ்அப் குழுவுக்கு எழுதினேன். முதல் வரி வணக்கம். இரண்டாம் வரி: கொட்டாஞ்சேனைக் கடையில் பற்றரி மாற்றுகிறவர்கள் கவனம். மூன்றாம் வரி: அசலை எடுத்துக்கொண்டு வேறொன்றைப் போடுகிறார்கள், என் போனே சொல்கிறது. சாட்சிக்குப் போன் திரையின் படத்தையும் இணைத்தேன். எழுத்தாளன் அல்லவா, சந்திப்பிழை பார்த்துத்தான் அனுப்பினேன்.

பெருவிரல்கள் வந்து குவிந்தன. நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பெருவிரல் விழுந்ததில்லை. மூன்றாம் மாடி அக்கா, கணக்காளர் வேலை பார்ப்பவர், ‘நல்ல காலம் சொன்னியள் அண்ணை’ என்று எழுதிவிட்டு, அங்கே திருத்தக் கொடுத்திருந்த தன் போனை அன்று பின்னேரமே போய்த் திருத்தாமல் வாங்கி வந்தார். யாரோ என் மூன்று வரியைப் பாமன்கடையில் இருக்கும் இன்னொரு குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அது கல்கிசைக்குப் போனது.

அடுத்த நாள் கடைக்காரர் அழைத்தார்.

“சேர், நீங்க எழுதினது எனக்கும் வந்திரிச்சு. மூணு பேர் அனுப்பினாங்க. நேத்து நாலு பேர் போனை வாங்கிட்டுப் போயிட்டாங்க. கோவம் ஒண்ணும் இல்ல. போனைத் தூக்கிட்டு ஒருக்கா வாங்க.”

கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

போனபோது கடையில் பக்கத்து இரும்புக்கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் நானா என்று கூப்பிடும் அந்த முஸ்லிம் பெரியவர் கையில் தன் போனைப் பிடித்திருந்தார். கொடுப்பதா, விடுவதா என்ற யோசனை.

“சேர், தெறக்கிறதுக்கு முன்ன சொல்றேன்” என்றார் கடைக்காரர். “உள்ள உங்க கையெழுத்து இல்லாட்டி நா இந்தக் கடைய மூடிர்றேன். இருந்தா?”

நான் அந்தோனியாரைப் பார்த்தேன்.

“இருந்தா இவரு வாய மூடட்டும்” என்றார் நானா. “ரெண்டு பேருக்கும் ஒரே தண்டன.”

கடைக்காரர் என் போனைச் சூடாக்கினார். இந்த முறை நான் ரீ குடிக்கப் போகவில்லை. இருபது நிமிடமும் அங்கேயே, கானின் மூடியில் நின்றேன். கண்ணாடியைப் புத்தகத்தின் அட்டைபோல ஒரு பக்கமாகத் திறந்தார். உள்ளே கறுப்புப் பற்றரி. அதன் மேல் என் கையொப்பம், கீழே கோடு, இரண்டு புள்ளி. திறந்த கண்ணாடியில் வெளிச்சம் இன்னும் இருந்தது. அதில் ‘அறியப்படாத பாகம்’ என்றது போன்.

என் கையெழுத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு இருவர் முன்னிலையில் அதுதான் முதல் தடவை.

“அப்ப போன் பொய் சொல்லுதா?” என்றார் நானா.

“பொய் சொல்லல நானா. தெரியாதுண்டு சொல்லுது. கள்ளண்டு சொல்லியிருந்தா சேர் ஒரு தரமாவது யோசிச்சிருப்பாரு. தெரியாதுண்டு சொன்னா மிச்சத்த நம்மளே சொல்லிருவோம்.”

“கம்பனிக்குத் தெரியாதே, அவங்கள் போட்ட பற்றரிதானே?” என்று கேட்டேன்.

“தெரியாம? ஒவ்வொரு பற்றரிக்குள்ளயும் ஒரு நம்பர் இருக்கு சேர். போனுக்கும் இருக்கு. ரெண்டையும் சேத்துப் பதியிற வழி அவங்ககிட்ட மட்டுந்தான். நமக்குத் தர மாட்டாங்க. கலியாணம் நா செஞ்சு வைக்கலாம், பதிவு புத்தகம் அவங்க கையில. அதான் சொன்னேனே, மூஞ்சிய நீட்டுமுண்டு.”

சொன்னார்தான்.

வீட்டுக்கு வந்து குழுவுக்கு மறுப்பு எழுதினேன். மூன்று வரியில் அடங்கவில்லை. இரண்டு பக்கம் வந்தது. நம்பர்கள், பதிவு, சேவிஸ் சென்டர், என் முட்டாள்தனம் எல்லாவற்றையும் வைத்தேன். பற்றரிமேல் இருந்த கையொப்பத்தின் படத்தையும் போட்டேன். பெருவிரல் நாலு. அதில் ஒன்று மனைவியுடையது. பாமன்கடைக்கு யாரும் அனுப்பவில்லை. மூன்றாம் மாடி அக்காவை லிப்டில் கண்டேன்.

“அண்ணை, அந்த எழுத்து உங்கட போனிலை இப்பவும் வருதோ?”

“ஓம். ஆனா…”

“வருதுதானே” என்றார். அவருடைய மாடி வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கம்பனிமேல் மெய்யான சந்தேகம் தொடங்கியது. நான் அழித்தாலும் அவர்கள் அழிக்கப்போவதில்லை. ஒவ்வொரு பழுதுபார்ப்பவரின் ஒவ்வொரு வாடிக்கையாளர் கையிலும் இந்த எழுத்து தானாகவே வரும், பணிவாக, பிழையில்லாத தமிழில். ஒரு கடையையும் மூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலையைச் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி சம்பளமில்லாமல் செய்ய என்னைப்போல எத்தனை பேர் இருக்கிறோம். கம்பனிக்கு நான்தான் உண்மையான ஏஜண்ட்.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மன்னிப்பை வாங்காமல் வேலை கேட்டார். அந்த எழுத்து என்னவென்று ஒரு மட்டையில் எழுதித் தரவேண்டும், மேசையில் ஒட்டுவதற்கு. நான் எழுதிக் கொண்டுபோனதில் ஏகபோகம், நுகர்வோர் உரிமை என்ற சொற்களெல்லாம் இருந்தன. வாசித்துவிட்டு மடித்து மாஜரின் டப்பாவுக்குள் வைத்தார். பிறகு தானே எழுதினார்: ‘இப்படி எழுத்து வரும். பற்றரி நல்லது. நம்பிக்கை இல்லாட்டி சைன் வைங்க.’ கீழே சிங்களத்திலும் அதையே எழுதினார். பக்கத்தில் ஒரு மார்க்கரை நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் அந்தக் கடையில் உட்கார்கிறேன். யாராவது மட்டையை வாசித்து நெற்றியைச் சுருக்கினால், என் போனை எடுத்து எழுத்தைக் காட்டுவேன், பிறகு கையொப்பத்தின் படத்தைக் காட்டுவேன். பாதிப் பேர் நம்புகிறார்கள். மற்றப் பாதி என்னைக் கடைக்காரரின் ஆள் என்று நினைக்கிறது. வேலை முன்பு இருந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. அதை அவர் சொல்லவில்லை. விரிப்பின் மேல் இருக்கும் போன்களை நானே எண்ணிக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை மூன்றாம் மாடி அக்கா வந்தார். சேவிஸ் சென்டரில் அவருக்கும் புதுப் போன் மட்டையைத் தள்ளியிருக்கிறார்கள். என்னைப் பார்த்தார், மேசையில் ஒட்டியிருந்ததை இரண்டு தடவை வாசித்தார். கடைக்காரர் அவருக்குப் போடவிருந்த பற்றரியை விரிப்பில் வைத்து, நூலில் கட்டிய மார்க்கரை எடுத்து நீட்டினார்.

“வேண்டாம்” என்றார் அக்கா. கைப்பையைத் திறந்தார். “அந்த மை அழியிற மையோ, ஆருக்குத் தெரியும்.”

சொந்தப் பேனையால் கையொப்பம் வைத்தார். தேதியும் போட்டார்.

“நேரத்தையும் போடுங்கக்கா” என்றார் கடைக்காரர்.

அக்கா மணிக்கூட்டைப் பார்த்து அதையும் போட்டார். பிறகு கானின் மூடியில் நகராமல் நின்றார். இருபது நிமிடமும்.