பேசக் கூடாத மூன்று நாள்

1961 ஜூலை 21, வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால் மணி. மேற்கிலிருந்து ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. திண்டிவனத்தில் நான் படித்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் கேட்டுக்கு என் அப்பா வந்து நின்றது அப்போதுதான். எதிரே மாதா கோயில் மணிக்கூண்டில் பெரிய கடிகாரம் இருந்தது. பேச முடியாமல் நின்றவனுக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அந்தப் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு முறை ஞான ஒடுக்கம் நடக்கும். ரிட்ரீட் என்றுதான் நாங்கள் சொல்வோம். வியாழன் மாலை மணி அடித்தால் ஞாயிறு காலைப் பூசை வரை விடுதியில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கிறிஸ்தவப் பையன்கள் கோயிலில் பிரசங்கம் கேட்பார்கள், செபமாலை சொல்லிக்கொண்டு மாதா சிலை இருக்கும் கெபியைச் சுற்றி வருவார்கள். விடுதியில் நாங்கள் ஏழு பேர் இந்துக்கள். எங்களுக்குப் பிரசங்கம் கிடையாது. ஸ்டடி ஹாலில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆனால் மௌனம் எங்களுக்கும் உண்டு. சாப்பாட்டில் குழம்பு வேண்டுமென்றால் விரலால் காட்டுவோம். எல்லோரும் ஊமையாகிவிட்டால் கோதுமைச் சோறு மெல்லும் சத்தம் மாடு அசைபோடுவது போலக் கேட்கும். மதில்மேல் எட்டிப் பார்க்கும் உள்ளூர்ப் பையன்கள், "ஊமைச் சாமியாருங்களா, ஒரு பாட்டு பாடுங்கடா" என்று கிண்டல் செய்வார்கள். திரும்பிப் பார்ப்பதுகூடக் குற்றம்.

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. திண்டிவனத்தை அடுத்த வல்லம் பக்கத்துச் சின்னக் கிராமத்திலிருந்து வந்தவன் நான். விடுதிக் கட்டணத்தில் பாதியை வார்டன் சாமியார் தள்ளுபடி செய்திருந்தார். முந்தின ஆண்டு ஒடுக்கத்தில் கிசுகிசுத்த ஒருவனின் டிரங்குப் பெட்டி திங்கட்கிழமை காலை வராந்தாவில் வெளியே இருந்தது. அதைப் பார்த்தவன் நான். பத்தாம் வகுப்பில் இருந்தேன். இன்னும் ஓராண்டு தாண்டினால் எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் குடும்பத்தில் அதுவரை போனவர் யாரும் இல்லை.

அப்பா சுற்றி வளைக்கவில்லை. அண்ணன் யாரிடமும் சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டானாம். மல்லாட்டை விதைக்கிற நேரம்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. ஏர் பிடிக்க ஆள் இல்லை. இதையெல்லாம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"உன்ன இஸ்துக்கினு போறதுக்கு வரல. நீ சொல்றதுதான். படிக்கிறேன்னா படி, நான் எப்பிடியோ சமாளிச்சிக்கிறேன். ஒரு வார்த்த சொல்லு, போறேன்."

வராந்தாவில் வார்டன் சாமியார் செபப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். கோயிலைக் காட்டினேன். அப்பா கோயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாயில இன்னா, புண்ணா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எம்மேல கோவமா?"

அதற்கும் ஆட்டினேன். எழுதிக் காட்டலாமென்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் தன் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சேறு காய்ந்த வேட்டி. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்ட பேசறதுக்கு வெக்கமா இருக்குதா?"

இல்லை என்று பலமாகத் தலையை ஆட்டினேன். அதற்குள் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். கேட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை அவர் முதுகு தெரிந்தது. ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் வார்டன் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். ஒரு சொல்கூடப் பேசாதவன் என்றார். காலைப் பலகாரத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்த கிறிஸ்தவப் பையனிடம் அப்பா வந்துபோனதைச் சொன்னேன். அவன் கை இட்லியோடு நின்றது.

"பைத்தியமாடா நீ? அப்பா அம்மா வந்தா பேசலாம்னு மொத நாளே கோயில்ல சொன்னாங்களே."

கோயிலில் சொன்னார்கள். நாங்கள் ஏழு பேரும் அப்போது ஸ்டடி ஹாலில் இருந்தோம். எங்களிடம் வந்து சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானமே வார்டனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் புது எருது ஒன்று கட்டியிருந்தது. நான் படிக்கிறேன் என்று சொன்னால் கட்டணத்துக்குக் கொடுக்கலாமென்று அப்பா மடியில் முடிந்து கொண்டுவந்த பணம், நான் வாய் திறக்காததால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே எருதுக்கு அச்சாரமாகிவிட்டது. நான் எல்லாவற்றையும் விளக்கினேன். மணி, மௌனம், பெட்டி, கோயிலில் சொன்னது எல்லாம். அப்பா பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை.

"உன் வாயி உன்னுதா, சாமியாருதா?" என்றார். "அச்சாரம் குடுத்தாச்சி. இனிமே கேட்டா மாட்டுக்காரன் திருப்பிக் குடுப்பானா?" என்றார். அம்மா எனக்குக் கேப்பைக் களி போட்டாள்.

திங்கட்கிழமை இருவரும் டி.சி. வாங்கத் திண்டிவனம் வந்தோம். வார்டன் சாமியார் எழுந்து நின்றே பேசினார். பையன் மேல் தவறில்லை, கட்டணம் தை மாதம் கொடுத்தால் போதும் என்றார். நல்ல மனிதர். அப்பா கைகூப்பினார்.

"இருக்கட்டும் சாமீ. ஏருக்கு ஆள் வேணும்."

நான் வார்டனைப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன். இப்போது என்னைத் தடுக்க எந்த மணியும் இல்லை. சொல்லவும் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்து, மல்லாட்டை பாதிதான் தேறியது. அண்ணன் திரும்பி வரவில்லை. பிறகு விழுப்புரத்தில் ஒரு மண்டியில் கணக்கெழுதினேன், அதிலேயே ஆயுள் போனது. எஸ்.எஸ்.எல்.சி. இல்லாதவனுக்கு அதற்குமேல் யாரும் கொடுப்பதில்லை.

அன்று டி.சி. எழுதிய குமாஸ்தா, பாதிக் கட்டணச் சலுகை ஆண்டு முழுதும் இருப்பவனுக்குத்தான் என்றார். ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்கும் தள்ளுபடி செய்த பாதியைக் கட்டச் சொன்னார். அது பதினெட்டு ரூபாய். டி.சி.க்கு ஒரு ரூபாய். இருவரும் ஊர் திரும்ப பஸ்ஸுக்கு எழுபது நயா பைசா. படிப்பை விட்டுவர ஆகமொத்தம் பத்தொன்பது ரூபாய் எழுபது நயா பைசா.