மூன்று பேருக்கு ஒரு பெயர்

விடுதியின் அடித்தளத்தில், துணி உலர்த்தும் இயந்திரங்களுக்கு எதிரே, சுவரில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவளுக்கு இரண்டாவது ஆள் அந்தக் கொக்கிதான். ஒரு முனையை அதில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மறுமுனையை இழுத்து, விளிம்போடு விளிம்பு சேர்ப்பாள்.

"உன் வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று மேற்பார்வையாளர் கொக்கியைக் காட்டிக் கேட்பார்.

"வாயைத் திறக்கமாட்டார். மத்தபடி தங்கம்" என்பாள்.

சில வருடங்களுக்கு முன்வரை நின்றபடி மடித்தவள். ஒரு நாள் காலையில் பாதம் மரத்தது. மாலைக்குள் இரண்டு கால்களும் வேறு யாருடையவையோ ஆகிவிட்டன. பல மாதம் படுத்துக் கிடந்து ஊன்றுகோலோடு எழுந்தாள். மருத்துவமனையில் நோய்க்கு ஒரு பெயர் கொடுத்தார்கள்: டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ். தண்டுவடத்தின் குறுக்கே வந்த அழற்சி என்று பொருள். அண்ணி அதைச் சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கி, விசாரித்தவர்களிடம் "முதுகுவலி" என்று முடித்துவிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் தைலம் சொன்னார்கள். அவளுக்கு முதுகு ஒருநாளும் வலித்ததில்லை. உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்பவரின் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். பிறகு அவளும் முதுகுவலி என்றே சொல்லப் பழகினாள்.

அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்லக்கூடிய இரண்டு பேரை மருத்துவமனையின் உடற்பயிற்சி அறையில் கண்டாள். ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். இன்னொருத்தி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாதத்தில் ஒரு ஞாயிறு, காவலாளி அந்த அறையைத் திறந்துவிட, மூவரும் கூடினார்கள். அங்கே சொந்தப் பெயர் புழங்கவில்லை. தண்டுவடத்தில் எந்த மட்டத்தில் அழற்சி வந்ததோ, அதற்கு மருத்துவர்கள் போடும் எழுத்தும் எண்ணுமே ஆளின் பெயர். ஓட்டுநர் சி ஆறு. மருந்துக்கடைக்காரி டி நாலு. இவள் டி எட்டு. உடம்பைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்குவதுபோல் வருமே, அதற்கு ஒட்டியாணம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எழுதாத ஒரு சட்டமும் உண்டு: அவரவர் நாற்காலியை அவரவரே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். கைகொடுக்கத்தான் வெளியே ஊரே இருக்கிறதே.

"வா எட்டு, ஒட்டியாணம் எப்படி?"

"இன்னிக்குக் கல்லு வெச்சது, அண்ணே."

விளக்க வேண்டியதில்லை. அவளுடைய மாதத்தில் பேச்சு என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான்.

பிறகு ஒரு புது டாக்டர் வந்தார். ரத்தத்தை எங்கோ அனுப்பிப் பார்த்தார்.

"பழசு தப்பில்லம்மா. என்ன நடந்துச்சு, எங்க நடந்துச்சுன்னு சொல்ற பேரு அது. எதனாலன்னு இப்பத்தான் தெரியுது. உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்போட மேலுறையைத் தாக்குது. இதுக்குப் பேரு மோகாட். மருந்தும் மாறுது."

"பழைய பேரையும் வெச்சுக்கலாமா டாக்டர்?"

அவர் அதை வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தார்.

அந்த மாத ஞாயிறு அவள் போகவில்லை. அடுத்த மாதம் போய், உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள். ஓட்டுநர் தாடையைத் தேய்த்தார். "வண்டி ஒண்ணாத்தானே கிளம்புச்சு? உனக்கு மட்டும் எப்படி போர்டு மாறும்? நாங்களும் ரத்தம் குடுக்கிறோம்."

"எங்களுக்கும் அதேதான் வரும், பாருங்கக்கா" என்றாள் மருந்துக்கடைக்காரி.

யோசித்தால் விபரீதமான ஆசை. இன்னொரு நோய்க்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். விரிப்பை மடிக்கும்போதெல்லாம், அவர்கள் ரத்தத்திலும் அது இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். பிறருக்கு நோய் வேண்டுவது பாவமா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

இருவருக்கும் இல்லை என்று வந்தது. அவர்களுக்குப் பழைய பெயரே நின்றது. கூடவே 'காரணம் தெரியாதது' என்று ஒரு சொல் சேர்ந்தது.

"உங்களுக்காவது இன்னதுன்னு தெரிஞ்சு மருந்து இருக்கு. நல்லதுதானேக்கா" என்றாள் மருந்துக்கடைக்காரி. அவள் குரலில் பொறாமை இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"நல்லதுதான்" என்றாள் இவள்.

மறுமாதம் அவள் கதவைத் தள்ளியபோது இருவரும் தலையை ஒட்டிவைத்து எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். காரணம் தெரியாதவர்களுக்கென்று வேறொரு மருத்துவமனையில் ஏதோ ஆய்வாம். பேச்சு நின்றது. ஓட்டுநர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பிடிமானத்துக்கு மேசையைத் தொட்டுத் தொட்டு வந்து, அவளுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"உக்காருங்கம்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.