பின்லாந்துக்காரர் மெட்டு

பெயர்தான் தைரியநாதன். கரப்பான்பூச்சி பறந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற ஆள். காரைக்குடிக்கு வெளியே மானகிரி போகும் வழியில் வீடு. டவுனில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. மாணவர்கள் அவரை ‘சார்’ என்றார்கள். பேராசிரியர்கள், ‘தைரியம், பிரிண்டர் ஓடலை’ என்றார்கள். இரண்டு குரலுக்கும் ஒரே வேகத்தில் ஓடுவார். அவர் பொய் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு கிடையாது. சொல்லி லாபம் பார்க்கும்படி ஒரு சந்தர்ப்பம் அதுவரை வாய்க்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அந்த வீட்டில் பேர் வாங்கியவள் மனைவி சகாயராணி. பள்ளிக்கூட டீச்சர், ஊர்க் கத்தோலிக்கப் பங்குக் கோவில் பாடகர் குழுவுக்குத் தலைவி. அவள் ஆர்மோனியத்தில் கை வைத்துத் தொண்டையைத் திறந்தால், பூசை நடுவில் குறட்டை விடுகிற கிழவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஒக்கூர்ப் பக்கம் கல்யாணப் பூசை என்றாலும் அவளைத்தான் வந்து கூப்பிடுவார்கள். தைரியநாதன் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். ‘ராணி டீச்சர் வீட்டுக்காரர்’ என்பதுதான் கோவிலில் அவருக்குப் பெயர். அதில் வருத்தம் உண்டா என்றால், உண்டு. வெளியே சொல்லி ஆற்றிக்கொள்கிற அளவுக்குப் பெரிய வருத்தம் இல்லை. செருப்புக்குள் புகுந்த மணல் போல, நடக்கிற போதெல்லாம் இருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் லினக்ஸ் இருந்தது. உலகத்தின் மூலை மூலையில் முகம் தெரியாத ஆட்கள் ஆளுக்கொரு துண்டாக எழுதி, ‘எடுத்துக்கொள், திருத்திக்கொள், அடுத்தவனுக்கும் கொடு’ என்று விட்டுவைத்த இயங்குதளம். தைரியநாதனுக்கு அந்தத் தாராளம் பிடித்துப்போயிற்று. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். எல்லாம் ஓடியது, சவுண்ட் கார்டைத் தவிர. அது மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி வாயே திறக்கவில்லை. டவுனில் புதிதாகத் திறந்திருந்த இன்டர்நெட் கடைக்கு நடையாய் நடந்து, யார் யாரோ எழுதிவைத்த குறிப்புகளைப் பார்த்து எழுதி வந்து, மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டி ‘டொங்’ என்றது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் பித்துதான். லினக்ஸில் ஓடுகிற இசை நிரல் எது கிடைத்தாலும் இறக்கிப் பார்த்தார். கருவியே இல்லாமல், கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குகிற மென்பொருள் சிந்தசைசர்கள் அவை. ஒன்றில் சுரத்தையெல்லாம் சூத்திரமாக எழுதவேண்டும். ஒரு நாள் முழுக்க எழுதி ஓட்டினால் மிக்ஸியில் உளுந்து அரைக்கிற சத்தம் வந்தது. இன்னொன்று புல்லாங்குழல் என்று சொல்லிக்கொண்டு பிரஷர் குக்கரை ஊதியது. பெரிய மண்டபத்தில் பாடுவது போல எதிரொலி சேர்க்கும் ப்ளக்-இன் ஒன்றைப் பொருத்தியபோது, அந்தக் குக்கர் கிணற்றுக்குள் விழுந்து கத்துவது போல ஆயிற்று. சகாயராணி அடுப்படியில் இருந்தே, “அய்ய, அதை அமத்துங்க. பக்கத்து வீட்டுல மாடு மெரளுது” என்பாள். அவள் கேலி செய்யாத நாள் கிடையாது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார்.

ஒரு மெட்டாவது அவள் காது கொடுத்துக் கேட்கும்படி போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. உலகப் புகழ் எல்லாம் கேட்கவில்லை பாவம். மனைவி ஒரு தடவை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து கேட்டால் போதும் என்றிருந்தது.

அப்படியே அவள் வந்தாள். ஆனால் அன்றைக்கு ஒலித்தது அவர் மெட்டு இல்லை.

புதிதாக இறக்கிய ஒரு சிந்தசைசரோடு, ஓட்டிப் பார்ப்பதற்கென்று மாதிரி மெட்டுகள் சில வந்திருந்தன. யூக்கா லெஹ்தோனென் என்ற பின்லாந்துக்காரர் எழுதியவை. சுரக் குறிப்பு மட்டும்தான் கோப்பில் இருக்கும். ஒலியை நிரல் உண்டாக்கும். அதில் ஒன்றை எடுத்து, பியானோவை மாற்றி வீணை போன்ற ஒரு ஒலியைப் போட்டு, சுருதியை இறக்கி ஓடவிட்டார். மெதுவாக ஏறி, ஏறின இடத்திலேயே நின்று, பிறகு அழுகை அடங்குவது போல இறங்கிவருகிற மெட்டு. சகாயராணி ஈரக் கையோடு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். முடியும்வரை கேட்டாள்.

“இது நீங்க போட்டதா?” என்றாள்.

ஓடுகிற மெட்டை எழுதியவர் பெயரை அந்த நிரல் திரையில் காட்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் யூக்கா லெஹ்தோனென் பெயர் அப்போதும் இருந்தது. ‘எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், பாடுங்கள், என் பெயரை மட்டும் அழித்துவிடாதீர்கள்’ என்று அந்த மனிதர் கேட்டிருந்த ஒரு வரியும் அதன் கீழே இருந்தது. சகாயராணி திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். தைரியநாதன் திரையைத் துடைக்கிற கட்டளையை அடித்தார். எல்லாம் போய்விட்டது.

“சும்மா... போட்டுப் பாத்தேன்” என்றார்.

“ஏங்க, எம்புட்டு நல்லாயிருக்கு! இத்தனை நாளு இதை எங்க வச்சிருந்தீக?” என்று அவர் தோளில் அந்த ஈரக் கையை வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஒரு குரலில் அவரிடம் பேசியதில்லை. அந்தக் கையின் ஈரம் சட்டையில் காய்வதற்குள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். வீணை ஒலி நான்தானே போட்டேன், சுருதி நான்தானே இறக்கினேன், பாதி என்னுடையதுதானே என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பொய் சும்மா இருக்குமா? சகாயராணி அந்த மெட்டுக்கு மாதாவைப் பற்றி வார்த்தை எழுதினாள். நல்ல வார்த்தைகள், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் இன்னொரு தாய் பேசுவது போல எழுதியிருந்தாள். பாடகர் குழு பழகியது. பங்குக் குரு அருள் பிரகாஷ் சாமி கேட்டார். “இந்த வருசம் மாதா திருவிழாவுக்கு இதுதான் பூசை ஆரம்பத்துல பாடுற வருகைப் பாட்டு. பூசை முடிஞ்சதும் தைரியநாதனுக்கு ஒரு பொன்னாடை போத்துவோம்” என்று பங்குப் பேரவையில் சொல்லிவிட்டார். எல்லாரும் சரி என்று கையைத் தூக்கினார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தைரியநாதனுக்கு நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்கவில்லை, சோறு இறங்கவில்லை. கோவிலில் அந்தப் பாட்டைப் பழகுகிற நேரமெல்லாம் வெளியே போய் மொபெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. செய்த பாவத்தைச் சாமியிடம் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவது. சாமி விஷயம் தெரிந்துகொண்டு, ‘இந்த வருசம் பழைய பாட்டே இருக்கட்டும்’ என்று ஓசைப்படாமல் மாற்றிவிடுவார். பாவமும் மன்னிக்கப்படும், பொன்னாடையும் போகும், சகாயராணிக்கும் தெரியாது. ஒரு கல்லில் எத்தனை மாங்காய்!

சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில் நின்று, மரக்கூண்டின் வலைக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, எல்லாவற்றையும் சொன்னார். கட்டளை அடித்துத் திரையைத் துடைத்தது வரைக்கும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “அதனால சாமி, நீங்களே அந்தப் பாட்டை மட்டும்...” என்று இழுத்தார்.

“இங்க சொன்னது ஆண்டவர்கிட்டச் சொன்னது” என்றார் சாமி. “நான் இங்கயிருந்து எறங்கிட்டா இது எனக்குத் தெரியாத சேதி. தெரிஞ்ச மாதிரி ஒரு துரும்பைக்கூட நகத்தக் கூடாது. பாட்டை நான் நிறுத்துனா, இங்க கேட்டதை வச்சு நிறுத்துனதா ஆயிரும். அதைச் செய்ய முடியாது.”

“அப்ப பொன்னாடை?”

“பேரை வாசிப்பேன். போத்துவேன்.”

ஆப்பசைத்த குரங்கின் கதைதான். ஊரில் உண்மையை வெளியே எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, அவர் வாயையும் கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

“இதையே வெளிய வந்து, ஆபீசுல என் மேசைக்கு முன்னால உக்காந்து சொல்லுங்க. அப்ப நான் செய்யவேண்டியதைச் செய்யலாம்” என்றார் சாமி.

போகத்தான் நினைத்தார். ஒரு நாள் போனால் ஆபீசில் கோவில் வேலைகளுக்குச் சாமிக்குத் துணையாக இருக்கிற வேதியர் கொடிமரத்துக்கு வண்ணம் அடிக்கிற பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் சகாயராணியே உள்ளே இருந்தாள், தேருக்கு என்ன பூ என்று. பிறகு கொடியேற்றம் வந்தது, ஒன்பது நாள் ஜெபமான நவநாள் வந்தது. சாமி அவரை வழியில் பார்க்கும்போதெல்லாம், “வாங்க தைரியநாதன், சௌக்கியமா?” என்று எப்போதும் போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று இவர் தேடினார். ஒன்றும் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

திருவிழா அன்றைக்குப் பாட்டு ஏறியது. கோவில் நிறைந்த கூட்டம் அசையவில்லை. சகாயராணி கடைசி அடியில் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பூசை முடிந்து சாமி மைக்கைப் பிடித்தார். “இன்றைய வருகைப் பாடலுக்கு இசையமைத்தவர்...” என்று சொல்லி, நிறுத்தினார். மூச்சு வாங்கினாரோ என்னவோ. தைரியநாதனுக்கு அந்த இடைவெளி தனக்காகத் திறந்து வைத்த கதவாகத் தெரிந்தது. எழுந்து நின்று ‘இல்லை சாமி’ என்றால் முடிந்தது. அவர் தன் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமி பெயரை வாசித்தார்.

பொன்னாடை போர்த்தும்போது சாமி அவர் கண்ணைப் பார்க்கவில்லை. மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “எல்லாம் மாதாவோட கிருபை” என்றார் தைரியநாதன். திருட்டுப் பழியை மாதா தலையில் வைத்துவிட்டு இறங்கினார். கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

வெளியே பந்தலில் யாரோ ஒரு அம்மாள் சகாயராணியைக் காட்டி, “இவுகதான் தைரியநாதன் சார் வீட்டம்மா” என்றாள். சகாயராணி வெட்கப்பட்டுச் சிரித்தாள். தன் பாட்டைப் புகழ்ந்தபோதுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. தைரியநாதன் தேர்க் கூட்டத்துக்குள் புகுந்து ஒளிந்துகொண்டார்.

அதோடு விட்டாளா? “கிறிஸ்மசுக்கு ஒண்ணு போடுங்க. இந்தத் தடவ வார்த்தை மொதல்ல” என்று எழுதியே கொடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார். தானாகப் போட்டுப் பார்த்தார். பழைய குக்கர்தான் ஊதியது. கை தானாக மாதிரி மெட்டுகள் இருந்த இடத்துக்குப் போயிற்று. பின்லாந்துக்காரரின் மெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இந்த வார்த்தைக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து கேட்ட பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. பயந்து செய்த திருட்டு போய், இப்போது தேர்ந்தெடுத்துச் செய்கிற திருட்டுக்கு வந்திருந்தார். தன் கையைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அப்படியே எழுந்து, மொபெட்டை எடுத்துக்கொண்டு, பங்கு ஆபீசுக்குப் போய், மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

முதலிலிருந்து சொன்னார். சாமி புதிதாகக் கேட்பவரைப் போலவே கேட்டார். இடையில் “யாரு மெட்டுன்னீக?” என்றுகூடக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, “திருவிழாவுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே?” என்றார்.

முதல் தடவையாகக் கேட்கிற எவரும் கேட்கிற கேள்வி அது. அவர் கேட்டே தீரவேண்டும். தைரியநாதனும் பதில் சொல்லியே தீரவேண்டும். “பயம், சாமி” என்றார்.

“ஞாயித்துக்கெழம அறிவிப்பு நேரத்துல நீங்களே சொல்லிருங்க. வீட்டுல சொல்லிட்டீகளா?”

“சொல்லிர்றேன் சாமி.”

சொல்லவில்லை. சொல்ல உட்கார்ந்தால் அவள் சாப்பாடு போட்டாள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றால் கிறிஸ்மஸ் பாட்டில் ஒரு வரியை மாற்றியிருப்பதாகப் படித்துக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அந்த வரியைப் பாடிக்கொண்டே வந்தாள். கோவில் வாசல் வரைக்கும் வாய் திறக்கவில்லை அவர்.

அறிவிப்பு நேரத்தில் மைக் முன்னால் போய் நின்றார். அந்த மெட்டு தன்னுடையது இல்லை என்றார். பின்லாந்து நாட்டில் யூக்கா லெஹ்தோனென் என்று ஒருவர் எழுதியது, அவர் பெயரை அழிக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார், நான் அழித்தேன் என்றார். பெயரை உச்சரிக்கத் தெரியாமல் இரண்டு தடவை தடுமாறினார். ஆண்கள் பக்கம் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பாடகர் குழு இருந்த பக்கம் தலையைத் திருப்ப அவருக்குத் தெம்பு இல்லை. பூசையின் மீதிப் பாட்டுகளைச் சகாயராணி பாடினாள். ஒரு சுரம் பிசகவில்லை.

இருவரும் மொபெட்டில் திரும்பினார்கள். பாதி வழியில் இருக்கிற அரசமரம் தாண்டியதும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. கோபக் குரல்கூட இல்லை.

“சாமியாருக்குச் சொன்னீக, சரி. ஊருக்கே மைக்குல சொன்னீக, அதுஞ் சரி. மொதப் பொய்ய எங்கிட்டத்தானே சொன்னீக? எனக்கு எப்பச் சொல்றதா இருந்தீக?”

தைரியநாதன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நிறுத்தினால் பதில் வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. எதிரே அரியக்குடி பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

“வண்டிய எடுங்க” என்றாள் சகாயராணி. “வெயிலு ஏறுது.”