நாலு மீட்டர் இருபது

வெங்காய மூட்டை ஒன்று இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் தமிழ்வாணி தராசில் ஏறி நின்றுவிடுகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை அம்மாவிடம் எறிந்துவிட்டு, எண் நிலைக்கும்வரை மூச்சு விடாமல் நிற்கிறாள். பரவை மார்க்கெட்டில் தினமும் காலை ஆறரைக்கு இது நடக்கிறது. மூட்டை தூக்கும் சின்னச்சாமியும் தினமும் அதே கேள்வியைக் கேட்கிறார்.

"இது பெரிய வெங்காயமா, சின்ன வெங்காயமாத்தா?"

"கிட்ட வாங்கண்ணே, கண்ணுல தண்ணி வரும். அப்பத் தெரியும்."

ஐம்பது கிலோ எழுநூறு காட்டினால் அரை கிளாஸ் டீ உண்டு. ஐம்பத்தொன்றைத் தொட்டால் கிளாஸைக் கையில் பிடித்துச் சூடு பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். ஐம்பத்தொரு கிலோ எடைப் பிரிவில் இரண்டு வருடமாக மாநில சாம்பியன் அவள்தான். வயது இருபத்திரண்டு. பதினான்கு குத்துச்சண்டைகளில் ஒன்றிலும் தோற்றதில்லை. ஒன்பது மணி வரை அம்மா மாயக்காளின் கடையில் தக்காளிப் பெட்டி இறக்குகிறாள். பத்து மணிக்குக் கோச்சடையில் பயிற்சி.

பேசும்போது மிக அருகில் வந்து நிற்பாள். எதிரே இருப்பவர் ஓர் அடி பின்னால் போவார், அவளும் ஓர் அடி முன்னால் வருவாள். பாங்கிலும் மாத்திரைக் கடையிலும் இப்படித்தான். அவளிடம் பத்து நிமிடம் பேசியவர் எவரும் ஆரம்பித்த இடத்தில் நின்று முடித்ததில்லை. சண்டையிலும் எதிராளியை மூலைக்குக் கொண்டுபோய்த்தான் அடிப்பாள். மணி அடித்ததும் அதே எதிராளியின் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "ரொம்ப வலிக்குதாக்கா?" என்று கேட்பாள். உண்மையாகவே பதிலுக்குக் காத்திருப்பாள்.

என் அப்பா தனிஸ்லாஸ் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோச்சடையில் பள்ளியின் பழைய கூடத்தில் எட்டு வருடம் இவளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஜூலையில் இறந்தார். குத்துச்சண்டை மன்றத்துக்குச் செயலாளரும் அவர்தான். புதிய ஆள் வரும்வரை கையெழுத்து மட்டும் என்னுடையது என்று சொல்லிவிட்டார்கள். குத்துச்சண்டை எனக்குத் தெரியாது. வெளியூரில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை.

கையெழுத்துக்கு இரண்டு படிவங்கள் இருந்தன. ஒன்று தென்மண்டலப் போட்டி. வருகிறவர்கள் எல்லாரும் இவள் ஏற்கெனவே வென்றவர்கள். பதக்கம் ஏறக்குறைய நிச்சயம், அதைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றது தேசிய முகாமுக்கான தேர்வு. முதல் சண்டையே ஹரியானாவைச் சேர்ந்த ஒருத்தியுடன். அவள் ஐந்து வருடமாக முகாமில் இருப்பவள், வெளிநாட்டுப் பதக்கங்கள் உள்ளவள். இரண்டும் ஒரே தேதியில் வந்துவிட்டன. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றை அனுப்ப வேண்டும்.

"சார் என்னக்கா சொன்னாரு?" என்று தமிழ்வாணி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அங்கே மழையா என்று கேட்பார். நான் இல்லை என்பேன்.

அவருடைய போனில் அவளுடைய சண்டைகள் எல்லாம் இருந்தன. பார்த்தேன். பதினான்கில் நான்கு, எதிராளி வராததால் கிடைத்த வெற்றி. அவற்றில் அப்பா காலி ரிங்கை எடுத்திருக்கிறார். மீதிப் பத்தில் ஏழு பேர் அவளை நோக்கி வந்தவர்கள், ஏழு பேரும் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. மூன்று பேர் விலகி விலகி ஆடியவர்கள். அந்த மூன்றிலும் நடுவர்கள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்று அளவீடுகளை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. அப்பா ஏதாவது சொல்லியிருப்பார் என்று ஒலியைக் கூட்டி மறுபடி கேட்டேன். பதினான்கு வீடியோக்களிலும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. அதை எண்ணுவதில் பயனில்லை. எண்ணினேன்.

ஜெர்சன் அப்பாவின் பழைய மாணவன், கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இப்போது இவள் குத்திப் பழகக் கையில் பேட் பிடிப்பவன் அவன்தான். "அவளுக பாதாம் தின்னு வளந்தவளுகக்கா. இது அரை டீ குடிச்சு வளந்தது. தென்மண்டலத்துக்கே போட்டு விடுங்க" என்றான். மறுநாள் அவனே, "இவ இடது கைக் குத்த நான் வாங்கியிருக்கேன். எவளுக்கும் குடுக்கலாம்" என்றான். மாயக்காளிடம் கேட்டேன். "சார் இருந்தா அவரு சொல்லுவாரு. நீங்க இருக்கீக, நீங்க சொல்லுங்க தாயி" என்று தக்காளியைப் பொறுக்கப் போய்விட்டார்.

தமிழ்வாணிக்குக் குழப்பமே இல்லை. "கிட்ட வரட்டும்க்கா. வந்தா விட மாட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "வருவாள்ல?" என்றாள்.

வெள்ளிக்கிழமை கூடத்துக்கு டேப் கொண்டுபோனேன். வேறு எதை அளப்பது என்று தெரியாமல் ரிங்கை அளந்தேன். கயிற்றுக்குள் நாலு மீட்டர் இருபது. போட்டி ரிங் ஆறு மீட்டர் பத்து என்று விதிப்புத்தகம் சொல்கிறது. மறுபடி அளந்தேன். அதே எண்தான்.

காரணம் கயிற்றுக்கு வெளியே இருந்தது. ஒவ்வொரு மே மாதமும் பள்ளி தன் உடைந்த பெஞ்சுகளை அந்தக் கூடத்தில் அடுக்குகிறது. பெஞ்சு இடித்தபோதெல்லாம் அப்பா இரும்புக் கம்பங்களை நாலைந்து விரல் உள்ளே தள்ளி நட்டிருக்கிறார். தரையில் பழைய ஆணித்துளைகள் வரிசையாக உள்நோக்கி வருகின்றன. முதல் துளையே நாலு தொண்ணூறில்தான் இருக்கிறது, கூடத்தில் அதற்கு மேல் இடம் இல்லை. எட்டு வருடத்தில் ரிங் சுருங்கியிருக்கிறது, அதற்குள்தான் இவள் வளர்ந்திருக்கிறாள். இங்கே எந்த எதிராளியும் மூன்றாவது அடியில் மூலைக்கு வந்துவிடுவாள்.

தமிழ்வாணி டேப்பை நம்பவில்லை. குதிகாலை விரல்நுனியில் ஒட்டி ஒட்டி வைத்துக் கயிற்றோரம் நடந்தாள்.

"பதினெட்டுப் பாதம். போட்டியில எத்தனக்கா?"

அவள் பாதத்தால் வகுத்துச் சொன்னேன். "இருபத்தாறு."

"எட்டுப் பாதம் எங்க போச்சு?"

பெஞ்சுகளைக் காட்டினேன்.

"சாருக்குத் தெரியுமா?"

தெரிந்து விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மார்க்கெட் காலியாக இருந்தது, சின்னச்சாமி மட்டும் ஒரு மூட்டைமேல் சாய்ந்திருந்தார். கழுவிவிட்ட தரையில் காய்ந்த இடமாகப் பார்த்து, ஆறு பத்துக்கு ஆறு பத்து சதுரத்தைக் கோலப்பொடியால் போட்டேன். ஜெர்சனிடம் அடிக்க வேண்டாம், விலகினால் போதும் என்றேன்.

முதல் சுற்றில் இவள் துரத்தினாள். கை எட்டும்போது அவன் அங்கே இல்லை. "பஸ்ஸு போயிருச்சு, அடுத்ததப் பிடி!" என்று ஜெர்சன் முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே ஓடிக்கொண்டு கத்தினான். இரண்டாவது சுற்றில் துரத்துவதை நிறுத்தி நடுவில் நின்றுவிட்டாள். அவன் கிட்ட வரவில்லை. "என்னத்தா, தேரு நிலைக்கு வந்துருச்சா?" என்றார் சின்னச்சாமி. அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் ஒரு குத்து பட்டது, அதுவும் ஜெர்சன் களைத்துப்போன பிறகு. அவன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொன்னுண்ணே."

"செத்துருவேன். ஆள விடு."

என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க வாங்க. அடிக்க மாட்டேன். ஓடுங்க, போதும்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டினேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் இடதுபக்கம் ஓடினேன், என்னைத் தொடர்ந்து வந்தாள். வலதுபக்கம் திரும்பினேன், அப்போதும் பின்னால்தான் வந்தாள். நாலாவது முறை அவள் என்னை நோக்கி வரவில்லை. நான் போகவிருந்த இடத்துக்குப் போய் அங்கே நின்றாள். நேரே அவள் தோளில் மோதினேன். அடுத்த முறையும் மோதினேன்.

ஜெர்சன் எழுந்து வந்தான். "இப்ப என்னக்கா சொல்றீங்க?"

ஓடியது முப்பத்தாறு வயதான நான், வெறுங்காலோடு. எதிரே இருந்தது ஹரியானாக்காரி அல்ல. இரண்டு முறை நடந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. அப்பா இதைப் பார்த்திருந்தாலும் வீடியோவில் மூச்சு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"தெரியல" என்றேன். மணி நாலு இருபது.

தமிழ்வாணி கையுறைகளைக் கழற்றினாள். என் பையிலிருந்து இரண்டு படிவங்களையும் எடுத்தாள். தென்மண்டலப் படிவத்தை நாலாக மடித்து ஈரத்தரையில் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மற்றதை முழங்காலில் விரித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, பேனாவை என் பக்கம் நீட்டினாள்.