கமிஷனர் நாற்காலியும் ஈரல் தொத்திறைச்சியும்

ராணுவத்தில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியதற்குப் பரிசாகத்தான் வீபுஷுக்கு அந்தச் சிறு நகரத்தில் போலீஸ் உத்தியோகம் கிடைத்தது. சந்தையில் எடைக்கல்லைச் சோதித்தார், குடிகாரர்களை வீட்டில் கொண்டுபோய்த் தள்ளினார், மீசையும் நரைத்தது. ஒருவழியாகக் கமிஷனர் நாற்காலி காலியாயிற்று. தனக்குத்தான் என்று இருந்தார் மனிதர். அந்த நேரம் பார்த்தா பிராண்டெஸ் என்ற புதுப் போலீஸ்காரன் ஒரு மோப்ப நாயோடு வந்து சேர வேண்டும்!

நாயின் பெயர் கிரைஃப். மோப்பம் பிடித்துக் கோழித் திருடன் ஒருவன் எதிரே போய் உட்கார்ந்து குரைத்தது. அவ்வளவுதான், ஊருக்கே வேறு பேச்சு இல்லை. முந்தாநாள் வேலைக்கு வந்த பிராண்டெஸுக்கு மேயர் கை கொடுத்தார். வீபுஷுக்கு வயிறு பற்றி எரிந்தது.

வீட்டில் மனைவி ஹெட்விக் எண்ணெய் ஊற்றினாள். "ஏங்க, கறிக்கடையில அவன் பொண்டாட்டிய இப்பவே 'கமிஷனரம்மா'ங்கறாங்க. எனக்கு முன்னாடி அவளுக்கு நிறுக்கறான் கடைக்காரன்! நீங்க மீசைய முறுக்கிட்டே இருங்க."

அந்த ஊரில் புருஷன் பதவிதான் பெண்டாட்டிக்குப் பெயர். வீபுஷ் அன்றே, ஈரலை அரைத்துக் குடலில் அடைத்த தொத்திறைச்சி வாங்கினார். தினமும் யாரும் பார்க்காதபோது நாய்க்கு ஊட்டினார். தீனி ருசி கண்ட நாய் மோப்பத்தை மறக்கும், பிராண்டெஸ் முகத்தில் கரி பூசலாம் என்று கணக்கு.

கெடுவான் கேடு நினைப்பான். துப்பாக்கி சுடும் சங்கத்தின் வெள்ளிக்கோப்பை திருட்டுப் போயிற்று. திருடன் விட்டுச்சென்ற தொப்பியை மேயர் முன்னிலையில் கிரைஃபுக்கு மோக்கக் கொடுத்தான் பிராண்டெஸ். சதுக்கம் நிறையக் கூட்டம். நாய் தொப்பியை மோந்தது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியது, நேரே வீபுஷ் எதிரே உட்கார்ந்து குரைத்தது.

"அட, போலீஸ்காரனே திருடனா!"

"நாய் பொய் சொல்லாதுப்பா!"

"பைய காட்டுய்யா," என்றார் மேயர்.

பையிலிருந்து வெளியே வந்தது தொத்திறைச்சி. திருட்டுப் பட்டத்துக்கு இது தேவலை என்று வீபுஷ் எல்லாவற்றையும் கக்கினார். சதுக்கமே வயிறு குலுங்கச் சிரித்தது. ஹெட்விக் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

நாற்காலி பிராண்டெஸுக்குப் போயிற்று. கமிஷனர் நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் அலைய முடியுமா? "கெடுத்தவரே திருத்தட்டும்," என்று சங்கிலியை வீபுஷ் கையில் கொடுத்துவிட்டார் மேயர்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. போகப்போக கிரைஃப் அவர் காலடியில் தூங்கியது, அவர் தும்மினால்கூட எழுந்து பார்த்தது. வாழ்க்கையில் தன்னை இவ்வளவு மதித்தவர் எவருமில்லை என்று அவருக்குப் பட்டது. நாற்காலி நினைப்பே மெல்ல விட்டுப்போனது.

ஒருநாள் காலை கமிஷனர் பிராண்டெஸ் படியிறங்கி வந்தான். "கிரைஃபு, எப்படிடா இருக்க?"

சங்கிலியை உதறிக்கொண்டு ஓடிய நாய், அவன் மேல் தாவி முகமெல்லாம் நக்கியது. கையில் தொத்திறைச்சித் துண்டோடு நின்ற வீபுஷுக்கு, நாற்காலி போனபோதுகூட வயிறு இப்படி எரிந்ததில்லை.